பாலோடு போன இரும்பு: பதினெட்டு மாதக் குழந்தையின் இரத்தசோகை – ஒரு நிகழ்வு ஆய்வு

அழுதால் நீலம் பாரித்து விழுந்துவிடுகிறாள் என்றுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினெட்டு மாதப் பெண் குழந்தை. கேட்டது கிடைக்காவிட்டாலோ, தடுக்கி விழுந்தாலோ வீறிட்டு ஒரு அழுகை. அப்படியே மூச்சை அடக்கிக்கொள்வாள். உதடு நீலமாகும், கை கால் துவண்டு சில நொடி நினைவில்லாமல் கிடப்பாள். பிறகு தானாக மூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்து, எதற்கு அழுதோம் என்பதே மறந்துபோனவள்போல விளையாடப் போய்விடுவாள். வாரத்துக்கு நாலைந்து தடவை இப்படி. வேறொரு இடத்தில் வலிப்பாக இருக்குமோ என்று ஈ.ஈ.ஜி. எடுத்திருந்தார்கள், அதில் கோளாறு ஒன்றும் இல்லை. ஊரில் தோஷம் தட்டியிருக்கிறது என்று மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். இரத்தசோகை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நோய் ஒன்றும் அபூர்வமானதல்ல, வாரம் இரண்டு பேரையாவது இப்படிப் பார்க்கிறேன். எழுதத் தோன்றியதற்குக் காரணம் நடுவில் நடந்த ஒரு மாதச் சறுக்கல். அதில் என் பங்கும் உண்டு.

கயிறு கட்டிய கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை ரேகைகூட வெளுத்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் அங்கேயும் சிவப்பு இல்லை.

“எங்க வீட்டுலயே இவ ஒருத்திதான் டாக்டரம்மா செவப்பு. அவுக தாத்தா நிறம்” என்றார் அப்பத்தா, பெருமை பொங்க.

அந்தப் பெருமையை அங்கேயே உடைக்க மனசு வரவில்லை. அப்பத்தாவின் கையையும் குழந்தையின் கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உழைத்துக் காய்ந்த அந்தக் கையிலும் உள்ளங்கை ரோஜா நிறம். பேத்தியின் கை தேய்த்துத் தேய்த்து அலசின வேட்டி மாதிரி.

எடை 8.9 கிலோ. வயதுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் எலும்பும் தோலுமான குழந்தை அல்ல. கன்னம் உப்பி, பார்த்தால் கொழுகொழுவென்றுதான் இருந்தாள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 148. இதயத்தில் மெல்லிய முணுமுணுப்பு ஒன்று கேட்டது. இரத்தம் நீர்த்துப்போனால் கேட்கிற வகை. கல்லீரல், மண்ணீரல் பெரிதாகவில்லை. மூச்சுத் திணறல் இல்லை. காய்ச்சல் இல்லை.

என்ன சாப்பிடுகிறாள்?

“நல்லா சாப்பிடுவாளா?” என்று கேட்டால் எந்தத் தாயும் “எங்கங்க, ஒண்ணுமே திங்க மாட்டேங்கிறா” என்பாள். “பால் குடிப்பாளா?” என்றால் “அதெல்லாம் நல்லா குடிப்பா.” இரண்டு பதிலாலும் பயனில்லை. நேற்று விடிந்ததிலிருந்து வாய்க்குள் போனதை வரிசையாகச் சொல்லச் சொல்வதுதான் என் வழக்கம். எழுந்ததும் ஒரு புட்டி. பத்து மணிக்கு ஒரு புட்டி. மத்தியானம் தூங்க வைக்க ஒன்று. சாயங்காலம் ஒன்று. ராத்திரி படுக்கையில் வாயில் புட்டியோடுதான் தூக்கம், அது ஒன்றோ ஒன்றரையோ. கூட்டிப் பார்த்தால் 1,100 மில்லி. இடையில் பாதி இட்லி சர்க்கரை தொட்டு, இரண்டு பிஸ்கட், ரசம் சாதம் மூன்று வாய்.

“வீட்டுல கறவ மாடு நிக்குது டாக்டரம்மா. பிள்ளைக்குப் பாலுக்கு என்ன கொறச்சல்?” அப்பத்தாதான்.

குறைச்சல் இல்லாததுதான் சிக்கல். ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்பு சுமார் அரை மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். பாலின் கால்சியமும் கேசீன் புரதமும் கூடச் சாப்பிடுகிற மற்ற உணவின் இரும்பையும் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஒரு லிட்டர் பால் 600 கலோரிக்கு மேல். இந்த வயதில் ஒரு நாளைக்கு வேண்டியதே ஆயிரத்தை ஒட்டித்தான். வயிறு நிறைந்துவிட்ட குழந்தை சோற்றைத் தட்டிவிடாமல் என்ன செய்யும்? போதாததற்கு, ஒரு வயதுக்குள் பசும்பால் தொடங்கிய சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தக் கசிவும் இருக்கும். இவளுக்கு ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கியாயிற்று. தாய் தையல் வேலைக்குத் திரும்பியபோது தாய்ப்பால் நின்றது, மாட்டுப்பால் வந்தது.

இதற்கு முன்னாலும் ஒரு கதை இருக்கிறது. பிறந்தபோது எடை 2.3 கிலோ. கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் தாயின் ஹீமோகுளோபின் 8.6. நிறைமாதக் குழந்தை பிறக்கும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 75 மி.கி. இரும்போடு வருகிறது, நாலு முதல் ஆறு மாதம் வரை அந்தக் கையிருப்பை வைத்துத்தான் காலம் தள்ளும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குக் கையிருப்பே சிறியது, வளர்ச்சியோ வேகம், அதனால் சீக்கிரம் கரைந்துவிடும். 1.5 முதல் 2.5 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்கு இரண்டாம் மாதத்திலிருந்தே தினமும் கிலோவுக்கு 2 முதல் 4 மி.கி. இரும்புச் சொட்டு மருந்து தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இவளுக்கு அது நடக்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் வைட்டமின் டி சொட்டு மட்டும் இருந்தது.

கிளம்பும்போது தாய் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். “செவத்துச் சுண்ணாம்பப் பேத்துத் திங்கிறா மேடம். அடிச்சாலும் விட மாட்டேங்கிறா.” இதை முதலில் சொல்லியிருந்தால் என் கேள்விகளில் பாதி மிச்சமாகியிருக்கும். மண், சுண்ணாம்பு, பல்பம், விபூதி, பச்சரிசி என்று இரும்புக் குறைபாட்டுக் குழந்தைகள் தின்னாதது இல்லை. தாய்மார்கள் இதை வளர்ப்புக் குறை என்று நினைத்து மறைக்கிறார்கள்.

பரிசோதனை

ஹீமோகுளோபின் 6.4. சிவப்பணு எண்ணிக்கை 37 லட்சம், அணுவின் சராசரிப் பருமன் 58 (இந்த வயதில் 70-க்கு மேல் இருக்க வேண்டும்), அணுக்களின் அளவு வேறுபாட்டைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. 21. தட்டணு 5.6 லட்சம். ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு, 1.1 சதவீதம், இவ்வளவு சோகையில் அது ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. இரத்தப் பூச்சில் சின்னச் சின்னதாக வெளிறிய அணுக்கள், நடுவே பென்சில் மாதிரி நீண்டவை. உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் 4. தொற்று இருந்தால் ஏறுகிற சி.ஆர்.பி. இயல்பு.

சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. உடம்பில் தொற்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 12-க்குக் கீழே குறைபாடு என்பது கணக்கு, தொற்று இருந்தால் 30-க்குக் கீழேயே குறைபாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சளியும் காய்ச்சலுமாக வருகிற குழந்தைக்கு ஃபெரிட்டின் மட்டும் எடுத்து “25 இருக்கிறது, பரவாயில்லை” என்று அனுப்பிவைத்த சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பணுவைச் சிறிதாக்கும் பரம்பரை இரத்தநோயான தலசீமியாவின் கடத்தியா என்ற கேள்வி எழும். அணுவின் பருமனைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 13-க்கு மேல் வருவது இரும்புக் குறைபாட்டின் பக்கம், கீழே வந்தால் தலசீமியாவின் பக்கம். 37 லட்சத்தைப் பத்து லட்சக் கணக்கில் 3.7 என்று எடுத்து 58-ஐ வகுத்தால் 15.7. இது தோராயமான கணக்குதான். ஆனாலும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிக்கும் பரிசோதனையை அன்று செய்யவில்லை, ஏனென்றால் இரும்பு இவ்வளவு குறைந்திருக்கும்போது அதில் பார்க்கிற ஏ2 அளவே இறங்கிக் காட்டி ஏமாற்றிவிடும். சிகிச்சைக்குப் பிறகும் அணுக்கள் சிறியதாகவே இருந்தால் செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். மலத்தில் கொக்கிப்புழு முட்டை இல்லை. மறைந்த இரத்தம் லேசாக இருந்தது.

இரத்தம் ஏற்றலாமா?

7-க்குக் கீழே என்பதால் கடும் இரத்தசோகைதான். வீட்டார் கேட்டதும் அதைத்தான். “ஒரு பாட்டில் ஏத்திட்டா சரியாப் போயிருமே?” இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தோம். மாதக்கணக்கில் மெதுமெதுவாக இறங்கிய சோகைக்கு உடம்பு பழகியிருக்கும். இவளும் வார்டு முழுக்க நடந்துகொண்டிருந்தாள். ஹீமோகுளோபின் 4-க்குக் கீழே போனாலோ, 4 முதல் 6-க்குள் இருந்து மூச்சுத் திணறல், இதயச் செயலிழப்பு போன்றவை சேர்ந்தாலோ இரத்தம் ஏற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இவளுக்கு அந்த அவசரம் இல்லை. வாய்வழி இரும்பு போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. அதை எழுதிக்கொடுத்த விதத்தில்தான் தவறு.

கிலோவுக்கு 3 மி.கி. வீதம் 8.9 கிலோவுக்கு 27 மி.கி. தனிம இரும்பு (மருந்து உப்பில் இரும்பு மட்டும் எவ்வளவோ அது), தினம் ஒரே வேளை. மில்லிக்கு 10 மி.கி. உள்ள ஃபெரஸ் ஆஸ்கார்பேட் சொட்டு மருந்து. சீட்டில் “2.7 மில்லி, தினம் ஒரு வேளை” என்று எழுதினேன். பாலைக் குறையுங்கள் என்றும் சொன்னேன். வயது ஒன்றைத் தாண்டிவிட்டதால் குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் 200 மி.கி. ஒரு தடவை. நாலு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

ஒரே வேளையா, இரண்டாகப் பிரிப்பதா என்று இளம் மருத்துவர்கள் கேட்பதுண்டு. 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 9 முதல் 48 மாத வயதுள்ள 80 குழந்தைகளுக்கு கிலோவுக்கு 3 மி.கி. ஒரே வேளையாக 12 வாரம் கொடுத்தார்கள். ஃபெரஸ் சல்பேட் எடுத்தவர்களுக்கு ஹீமோகுளோபின் சராசரி 7.9-இலிருந்து 11.9 ஆனது, பாலிசாக்கரைடு கூட்டு இரும்பு எடுத்தவர்களுக்கு 7.7-இலிருந்து 11.1. விலை மலிவான பழைய உப்பே ஜெயித்தது. ருசியாக இருக்கிறது, பல்லில் கறை படியாது என்று விற்கப்படும் வகைகள் மீது எனக்கு அதற்கப்புறம் பெரிய மரியாதை இல்லை.

28-ஆம் நாள்

வந்தார்கள். மூச்சடக்கல் குறையவில்லை. ஹீமோகுளோபின் 6.7. ரெட்டிகுலோசைட் 1.4.

சரியான அளவு இரும்பு உடம்பில் சேர்ந்திருந்தால் முதல் பத்து நாளுக்குள்ளேயே ரெட்டிகுலோசைட் எகிறியிருக்கும், நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 ஆவது ஏறியிருக்கும். இந்த இடத்தில் கை பரபரக்கும். எண்டோஸ்கோபி, சீலியாக் பரிசோதனை, ஊசி வழி இரும்பு, பெரிய ஆஸ்பத்திரி என்று மனசு ஓடும். எழுதவும் தொடங்கிவிட்டேன். அப்புறம்தான், “மருந்து பாட்டிலைக் கொண்டு வந்திருக்கீங்களா?” என்று கேட்டேன். அடுத்த நாள் கொண்டுவந்தார்கள்.

அப்பத்தா மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். உள்ளே இருந்தவை: ஒரு இரும்பு சிரப், பேரீச்சம்பழ சிரப் ஒன்று, பசி எடுக்கவைக்கும் என்று யாரோ சொன்ன டானிக், மூடி திறக்காத அரசு இரும்பு சிரப் பாட்டில், அப்புறம் சிவப்பு மாத்திரை அட்டைகள் மூன்று.

முதல் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். 5 மில்லிக்கு 30 மி.கி. மெடிக்கலில் நான் எழுதிய சொட்டு மருந்து தீர்ந்துபோய், “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சிரப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மில்லி அளவு மட்டும் மாறவில்லை. 2.7 மில்லி சிரப்பில் இருப்பது 16 மி.கி. நான் சீட்டில் மி.கி. எழுதியிருந்தால் கடைக்காரர் கணக்குப் போட்டிருப்பார், அல்லது என்னைக் கூப்பிட்டிருப்பார். எழுதவில்லை.

அடுத்து, “எப்படிக் கொடுக்கிறீங்கன்னு செஞ்சு காட்டுங்கம்மா” என்றேன். தாய் வெட்கத்தோடு பால் புட்டியை எடுத்தாள், சிரப்பை மூடியில் ஊற்றினாள், மூடியைப் புட்டிக்குள் கவிழ்த்துக் குலுக்கினாள். பால் லேசாகப் பழுப்பானது. “தனியாக் குடுத்தா துப்பிருது மேடம். பால்ல கலந்தா தெரியாமக் குடிச்சிரும்.” புட்டியில் கடைசி கால் பங்கு எப்போதும் மிச்சமாகும், அதைக் கொட்டிவிடுவார்களாம்.

எந்த உணவோடு இரும்பு சேரக்கூடாதோ அதிலேயே கரைத்து, மிச்சத்தைக் கொட்டி, பாதியளவு மருந்து. நடுவில் ஆறு நாள் மருந்தையே நிறுத்தியிருக்கிறார்கள், மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து. கறுப்பாகப் போவது உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். சீட்டில் அந்த வரி இல்லை.

அரசு பாட்டில் பற்றி. 2018-இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் இரண்டு நாள் 1 மில்லி சிரப். ஒரு மில்லியில் 20 மி.கி. இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “டாக்டர் எழுதாத மருந்த எப்படிக் குடுக்குறது?” என்று அலமாரியில் ஏறிவிட்டது. 2015–16 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்த வயதுத் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 50.7 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 2019–21-இல் அது 57.4 ஆனது. இந்திய அளவில் 58.6-இலிருந்து 67.1. இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் அலமாரியில் நிற்கும் அந்த மூடி திறக்காத பாட்டில்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒன்று: அந்த 1 மில்லி தடுப்பு அளவு. வாரத்துக்கு 40 மி.கி. இவளுக்கு வேண்டியிருந்ததோ வாரத்துக்கு 189.

சிவப்பு மாத்திரைகளைப் பார்த்ததும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கொடுத்தவை, ஒவ்வொன்றிலும் 60 மி.கி. இரும்பு. “சிரப்பு கேக்கலேன்னா இதுல பாதிய நுணுக்கித் தேன்ல கொழச்சுக் குடுக்கலாம்னு நெனச்சேன்” என்றார் அப்பத்தா. நினைப்பில் தப்பில்லை. ஆனால் அட்டைகள் இருந்தது தொட்டில் பக்கத்து ஜன்னல் திட்டில். கிலோவுக்கு 20 மி.கி.க்கு மேல் ஒரே நேரத்தில் போனால் நச்சு அறிகுறி தொடங்கும். 60-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 8.9 கிலோ குழந்தைக்கு மூன்று மாத்திரையிலேயே முதல் கோடு. பத்து மாத்திரை ஒரு அட்டை, 600 மி.கி.; மிட்டாய் என்று அவள் அதைத் தின்றிருந்தால் இரண்டாவது கோட்டையும் தாண்டியிருப்பாள். மாத்திரைகளைப் பூட்டுகிற பெட்டியில் வைக்கச் சொல்லி, அதைத் தாய் சாப்பிடத் தொடங்க வேண்டும் என்றும் சொன்னேன். அன்று தாயின் ஹீமோகுளோபின் 9.2.

மறுபடியும் முதலிலிருந்து

புதிய சீட்டில் முதல் வரி: “தனிம இரும்பு 27 மி.கி.” அதற்குக் கீழே மருந்தின் பெயர், மில்லிக்கு எத்தனை மி.கி., அப்புறம் மில்லி. கையில் 5 மில்லி சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, 2.7 கோட்டில் சிவப்பு மையால் அடையாளம் போட்டுவிட்டேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், கன்னத்தின் உட்பக்கம் பின்னால் தள்ளி மெதுவாக. பல்லில் படாது, துப்பவும் வராது. பின்னாலேயே சாத்துக்குடிச் சாறு இரண்டு கரண்டி. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பால் கிடையாது.

எத்தனை நாள் என்று தாய் கேட்டாள். அதை அவள் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். உடம்பில் இரத்தம் கிலோவுக்கு 75 மில்லி என்றால் ஏறத்தாழ 670 மில்லி. டெசிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் ஹீமோகுளோபின் குறைகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் இரும்பு 3.4 மி.கி. ஆக 120 மி.கி.யை ஒட்டி இரத்தத்துக்கே வேண்டும். சேமிப்புக்குக் கிலோவுக்கு 10 வீதம் இன்னொரு 90. மொத்தம் 210 மி.கி. தினம் கொடுக்கிற 27-இல் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால் 2.7. வகுத்துப் பாருங்கள், 78 நாள். ஒரு நாள்கூடத் தவறாமல் கொடுத்தால் மூன்று மாதம், தவறினால் நாலு. நிறம் தேறியதும் நிறுத்திவிடுகிறவர்கள் கடனை அடைத்துவிட்டுக் கையிருப்பு இல்லாமல் நிற்கிறார்கள். அடுத்த காய்ச்சலில் மறுபடி சறுக்கும்.

பாலை 400 மில்லிக்குள், டம்ளரில் மட்டும். புட்டி வேண்டாம். சொல்வது எளிது. முதல் நாலு ராத்திரி யாரும் தூங்கவில்லை. மூச்சடக்கல் ஒரே நாளில் மூன்று தடவை வந்தது. தாய் போன் பண்ணி அழுதாள். ஐந்தாம் நாள் ராத்திரி அப்பத்தா புட்டி அத்தனையையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். மிஞ்சின பாலைச் சொசைட்டிக்கு ஊற்றத் தொடங்கினார். இந்தச் சிகிச்சையில் மருந்துக்கு அடுத்தபடி வேலை செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதுவரை நான் தாயிடமே பேசிக்கொண்டிருந்தேன், பால் காய்ச்சுகிறவர் யார் என்று கேட்கவில்லை.

சாப்பாடு பற்றிக் கேட்டார்கள். பேரீச்சம்பழ சிரப்பும் மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையை நான் கேலி செய்வதில்லை, காசை மட்டும் மிச்சப்படுத்தச் சொல்வேன். முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் குடல் அதில் எடுப்பது கொஞ்சம்தான். நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூடச் சேர்ந்தால் மேல். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறையும். அசைவ வீடு என்பதால் வேலை சுலபமானது. அப்பத்தாவே சொன்னார்: “சொவரொட்டி வாங்கிச் சுட்டுக் குடுக்கவா?” ஆட்டு மண்ணீரல். நம் ஊரில் இரத்தசோகைக்கு யாரோ எப்போதோ கண்டுபிடித்த இந்த வைத்தியம் சரியானதே. இறைச்சி வழி இரும்பைத்தான் குடல் சிரமமில்லாமல் எடுக்கிறது. நன்றாக வேகவைத்து மசித்து, வாரம் இரண்டு நாள். ஈரல் ஒரு நாள். ஆனால் இவ்வளவு இறங்கிய பிறகு சாப்பாட்டால் மட்டும் ஏற்றிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

எட்டாம் நாள் ரெட்டிகுலோசைட் 8.1 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்ததும் எண்டோஸ்கோபிக்கு எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டாம் தொடக்கத்திலிருந்து நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 9.6. எட்டு வாரத்தில் 10.8. எடை ஏறியதால் நடுவே அளவை 2.9 மில்லியாக்கினேன். பன்னிரண்டாம் வாரம் 11.7, அணுவின் பருமன் 75, ஃபெரிட்டின் 19. தலசீமியா பரிசோதனைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மலத்தில் மறைந்த இரத்தம் ஆறாம் வாரமே இல்லை. சேமிப்புக்காக இன்னும் எட்டு வாரம் தொடர்ந்து, ஃபெரிட்டின் 34 ஆனதும் சிகிச்சை அளவை நிறுத்தினேன். அலமாரியிலிருந்து அரசு பாட்டில் இறங்கியது: இனி வாரம் இரண்டு நாள், 1 மில்லி.

மூச்சடக்கல்

இரும்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று முழுமையாகப் புரியவில்லை. நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களை உண்டாக்க இரும்பு வேண்டும், தானியங்கி நரம்பு மண்டலம் நிலைகுலைவதால் இப்படி ஆகலாம் என்பது ஒரு விளக்கம். 1997-இல் ஜோர்டானில் 67 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் இரும்பு எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு மூச்சடக்கல் நின்றது அல்லது குறைந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்தில்லாத ஒன்றை எடுத்தவர்களில் மிகச் சிலருக்கே குறைந்தது. இவளுக்கு மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒன்றாகி, இரண்டாம் மாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை. சுண்ணாம்பு தின்பது அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது, ஹீமோகுளோபின் இயல்புக்கு வர வெகு தூரம் இருக்கும்போதே. இதை வேறு குழந்தைகளிடமும் கவனித்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. அழாமல் நீலமாகும் குழந்தை, தூக்கத்தில் விழும் குழந்தை, விளையாடி ஓடும்போது சாயும் குழந்தை என்றால் அது வேறு விஷயம். இதயத்தையும் மூளையையும் பார்க்காமல் இரும்பு கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. இவளுக்கும் முதல் நாளே ஈ.சி.ஜி. எடுத்தோம்.

இரும்பை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிடலாமே என்பவர்களுக்கும் ஒன்று. தான்சானியாவின் பெம்பா தீவில், மலேரியா மிகுந்த இடத்தில், எல்லாக் குழந்தைகளுக்கும் தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. கொடுத்த பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் மரணமும் கூடியதால் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். நம் மாவட்டத்தில் மலேரியா அப்படி இல்லை. ஆனாலும் கடும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு இரும்பை ஒரு வாரம் தள்ளிப்போடுவதே என் வழக்கம்.

கடைசியாக வந்தபோது அவளுக்கு இரண்டு வயது நெருங்கியிருந்தது. எடை 10.4 கிலோ. அப்பத்தா முகத்தில் ஒரு குறை.

“எல்லாம் சரிதான் டாக்டரம்மா. ஆனா பிள்ள கறுத்துட்டா பாத்தீகளா? அவுக அப்பன் நிறத்துக்கு வந்துட்டா.”

சிரித்தேன். குழந்தை என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாள், கொடுக்கவில்லை என்று வீறிட்டாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவள் பிடிக்கவில்லை, உதடு சிவந்து, முகம் சிவந்து, அழுதுகொண்டே இருந்தாள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நடை, ஓட்டமெல்லாம் வயதுக்குச் சரி. பேச்சு பின்தங்கியிருக்கிறது, பத்து சொல் தேறாது, இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை. கோஸ்டா ரிகாவில் ஆய்வாளர் பெட்சி லோசாஃப் குழுவினர், சிசுப்பருவத்தில் நீண்டநாள் கடும் இரும்புக் குறைபாடு இருந்தவர்களைப் பத்தொன்பது வயது வரை பின்தொடர்ந்து, சோகை சரியான பிறகும் சோதனை மதிப்பெண்கள் மற்றவர்களைவிடக் கீழேயே நின்றதைக் காட்டியிருக்கிறார்கள். இவளுக்கு எத்தனை மாதம் இரும்பு இல்லாமல் ஓடியது என்று என்னால் சொல்ல முடியாது. நான் வீணாக்கிய ஒரு மாதத்தையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காது கேட்கும் பரிசோதனை எடுத்தாயிற்று, இயல்பு. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறேன்; தாய்க்கு வேலை நாள் என்பதால் அப்பத்தாதான் வாரம் ஒரு தடவை பஸ் ஏறி அழைத்துப் போகிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி ஹீமோகுளோபினும் வளர்ச்சி மதிப்பீடும். தாயின் ஹீமோகுளோபின் இப்போது 10.9, அவள் மாத்திரை இன்னும் முடியவில்லை.